வேற என்ன மாத்திரை போட்டீங்க?

"அண்ணே, காய்ச்சல் மாத்திரை நாலு குடுங்க."

காலையில் கடை ஷட்டரைத் தூக்கியதும் வரும் முதல் குரல் பெரும்பாலும் இதுதான். 22 வருடமாக மருந்துக்கடையில் நிற்கிறேன். இத்தனை வருடத்தில் என் கை அதிகம் கத்தரித்தது பாரசிட்டமால் அட்டையைத்தான்.

அட்டையைக் கத்தரிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. காலாவதித் தேதி அநேகமாக ஒரு ஓரத்தில் மட்டும்தான் பொறித்திருக்கும். அந்த ஓரத்தைக் கடைசிவரை வெட்டக் கூடாது. வெட்டிவிட்டால் கடையில் மிஞ்சுகிற துண்டுக்கு வயது தெரியாமல் போய்விடும். வாங்கிப் போகிறவர் கையில் இருக்கும் துண்டிலோ பெயர் பாதியில் அறுந்திருக்கும். அதனால் காகிதக் கவரின் மேல் 'பாரசிட்டமால் 650' என்று எழுதி, தேதியையும் போட்டுத்தான் தருவேன். கூட்ட நேரத்தில் இது பத்து விநாடி வேலை. அந்தப் பத்து விநாடியை நான் யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை.

"உடம்பு வலிக்குது, ஒரு செட் குடுங்க" என்று கேட்பவர்கள் உண்டு. அட்டையிலிருந்து பிரித்த மூன்று நாலு மாத்திரைகளை ஒரே கவரில் போட்டுக் கொடுக்கும் பழக்கம் அது. வீட்டுக்குப் போன பிறகு எது என்ன என்று கொடுத்தவருக்கே தெரியாது. செட் கட்டுவதை நான் நிறுத்திப் பல வருடம் ஆகிறது.

போன மழைக்காலத்தில் ஒரு கொத்தனார் வந்தார். மெலிந்த உடம்பு. கண்ணெல்லாம் சிவந்து, இரண்டு நாளாகக் காய்ச்சல் என்றார். 650 மாத்திரை பத்து வேண்டும் என்று கேட்டார்.

"வேற என்ன மாத்திரை போட்டீங்க, கொத்தனாரே?"

"இதே 650தான், நேத்து நாலு போட்டேன். அப்புறம் சளி மாத்திரை மூணு வேளை. கை கால் உளைச்சலுக்கு ஒரு வலி மாத்திரை, காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு."

சட்டைப்பையிலிருந்து மூன்று அட்டைகளையும் எடுத்துக் கண்ணாடி மேசை மேல் வைத்தார். மூன்றும் மூன்று நிறம், மூன்று பெயர். திருப்பிப் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைக் காட்டினேன். சளி மாத்திரையில் பாரசிட்டமால் 500 மில்லிகிராம். வலி மாத்திரையில் அசிக்ளோஃபினாக்கோடு பாரசிட்டமால் 325. பில் புத்தகத்தின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டேன். நாலு 650 என்றால் 2600, மூன்று 500 என்றால் 1500, இரண்டு 325 என்றால் 650. ஒரே நாளில் 4750. பெரியவர்களுக்கு 24 மணி நேரத்துக்கு 4000 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. ஒல்லியானவர்களுக்கும் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் அதுவே அதிகம். அவர்களை நான் டாக்டரைக் கேட்கச் சொல்வேன். கொத்தனாருக்குக் குடியும் உண்டு. மாத்திரை தராமல் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கல்லீரலுக்குச் சேதமில்லை என்று மறுநாள் வந்து சொன்னார்.

அவர் மேல் தப்பே இல்லை. மூன்று நோவுக்கு மூன்று மருந்து என்றுதான் யாரும் நினைப்பார்கள். டோலோ, குரோசின், கால்பால் என்று பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பது ஒரே சரக்குதான் என்பதை நாங்கள்தான் சொல்ல வேண்டும்.

பாரசிட்டமாலின் பெரும்பகுதியைக் கல்லீரல் சத்தமில்லாமல் கழித்துவிடுகிறது. சிறு பங்கு மட்டும் நஞ்சாக மாறும். அதை அடக்க குளூட்டாதயோன் என்ற பொருளைக் கல்லீரல் இருப்பு வைத்திருக்கிறது. அளவு மீறினால் இருப்புத் தீர்ந்துபோய், நஞ்சு கல்லீரலின் செல்களையே அரிக்கத் தொடங்கும். குடிப்பவர்களுக்கும் பட்டினி கிடப்பவர்களுக்கும் அந்த இருப்பே குறைவு. காய்ச்சலில் வாய் கசந்து இரண்டு நாள் சோறு இறங்காதவரும் பட்டினி கிடப்பவர்தான். இதில் எனக்குப் பெரிய பயம், முதல் நாள் ஒன்றுமே தெரியாது என்பது. லேசாகக் குமட்டும், அதுவும் இல்லாமலும் போகலாம். வலது விலாவுக்குக் கீழே வலியும் மஞ்சள் காமாலையும் இரண்டாம் மூன்றாம் நாள்தான் தலைகாட்டும். மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீன் முழுப் பலன் தருவதோ முதல் 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான்.

இது எனக்குப் புத்தகத்தில் படித்ததாக மட்டும் இருந்திருக்கலாம். தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம், இன்னொருவர் கடையில் வேலை பார்த்தபோது, என் கையாலேயே நடந்தது. ஒரு வயதுக் குழந்தைக்குக் காய்ச்சல் சிரப் கேட்டு ஒரு தாய் வந்தார். சிரப் தீர்ந்திருந்தது. அதே மருந்துதான் என்று சொல்லி சொட்டு மருந்து பாட்டிலைக் கொடுத்தேன். மருந்து ஒன்றுதான், செறிவு வேறு. சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம். சொட்டு மருந்தில் ஒரே மில்லியில் 100. அதை நான் சொல்லவில்லை.

மறுநாள் காலை அவர் திரும்பி வந்தார். "அண்ணே, பாட்டில் சின்னதா இருக்கு, மூணு வேளையில தீந்துபோச்சு. இன்னொண்ணு குடுங்க."

15 மில்லி பாட்டில். வழக்கம்போல வேளைக்கு 5 மில்லி ஊற்றியிருக்கிறார். பத்துக் கிலோ குழந்தைக்கு ஒரு நாளில் 1500 மில்லிகிராம் போயிருக்கிறது. ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பதுதான் கணக்கு. அந்தக் குழந்தைக்கு 150, சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. கடையை அப்படியே விட்டுவிட்டு ஆட்டோவில் அவரோடு நானும் ஏறினேன். டாக்டரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். மாற்று மருந்தை டிரிப்பில் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் குழந்தை சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனது. அந்த மூன்று இரவும் நான் தூங்கவில்லை. அந்தத் தாய் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

அன்றிலிருந்து குழந்தை மருந்து எதையும் எடை கேட்காமல் தருவதில்லை. எடை தெரியாது என்றால் கடையில் தராசு இருக்கிறது, குழந்தையை இடுப்பில் வைத்து அம்மாவை ஏறச் சொல்லி, பிறகு அம்மாவை மட்டும் நிறுத்திக் கழித்துக்கொள்வேன். பாட்டிலோடு வரும் அளவுக் குழலை எடுத்து, மருந்து எதுவரை ஏற வேண்டுமோ அந்தக் கோட்டின் மேல் சிவப்புப் பேனாவால் அடையாளம் போடுவேன். கரண்டி வேண்டவே வேண்டாம் என்பேன். வீட்டுக்கு வீடு கரண்டி வேறு.

இதையெல்லாம் படித்துவிட்டு பாரசிட்டமாலைக் கண்டு யாரும் பயப்பட வேண்டாம். ஐப்பசி கார்த்திகையில் டெங்கு பரவும்போது கையில் இருக்கும் ஒரே நம்பகமான மாத்திரை அதுதான். வலி தாங்கவில்லை என்று ஐபுபுரூஃபனோ டைக்ளோஃபினாக்கோ ஆஸ்பிரினோ கேட்டால், காய்ச்சல் இருக்கிறவரை கொடுக்க மாட்டேன். தட்டணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் அவை ரத்தக் கசிவைக் கூட்டிவிடும். "பக்கத்துக் கடையில தர்றாங்களே" என்று கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. போகட்டும்.

நேற்றுக்கூட கொத்தனார் வந்தார். இந்தமுறை மனைவிக்குத் தலைவலி. நான் கேட்பதற்கு முன்பே வீட்டிலிருந்து கொண்டுவந்த அட்டைகளை மேசையில் பரப்பி, பின்பக்கம் மேலே இருக்கும்படி திருப்பி வைத்தார்.