அது கல்லெடுத்து வந்தது

குவெர்வில் தீவில் இறங்கும் முன் ரப்பர் பூட்ஸைக் கிருமிநாசினியில் முக்கி எடுக்கச் சொன்னார்கள். பறவைக் காய்ச்சல் வந்த பிறகு விதிகள் கூடிவிட்டன. கரையில் உட்காரக் கூடாது, மண்டியிடக் கூடாது, பையைத் தரையில் வைக்கக் கூடாது. பென்குவினிடமிருந்து 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். குறுக்கே வந்தால் நாம்தான் நின்று வழிவிட வேண்டும். உஷுவாயாவில் கப்பலேறி, டிரேக் நீரிணையில் இரண்டு நாள் வாந்தியெடுத்துக் கிடந்தவள் நான். ஆடாத தரையில் நின்றுகொண்டே இருக்கச் சொன்னது எனக்குத் தண்டனையாகத் தெரியவில்லை.

அண்டார்க்டிக் தீபகற்பத்தில் ஜென்டூ பென்குவின்கள் பெருங்கூட்டமாகக் கூடு கட்டும் இடங்களில் ஒன்று இந்தத் தீவு. முதலில் வருவது நாற்றம். கிரில் தின்று அவை போடும் எச்சம் பனியை இளஞ்சிவப்பாக்கி வைத்திருந்தது. கூடு என்பது கூழாங்கற்களைக் குவித்த ஒரு வட்டம். பனி உருகி ஓடும் நீரில் முட்டை நனையாமலிருக்க அந்த மேடு வேண்டும். ஒன்று முட்டைமேல் குப்புறப் படுத்திருந்தது. இன்னொன்று அலகில் கல்லோடு தத்தித் தத்தி வந்து, அதன் முன்னால் வைத்துவிட்டுக் குனிந்தது. படுத்திருந்ததும் குனிந்தது. வைத்தது மறுபடி கிளம்பியது. இந்த முறை தூரம் போகவில்லை. பக்கத்துக் கூட்டிலிருந்தே ஒரு கல்லை உருவிக்கொண்டு வந்தது.

எங்கள் வழிகாட்டி நல்ல இளைஞர். கணவர் மனைவிக்குப் பரிசு கொண்டுவருகிறார், மனைவிக்குப் பிடித்துவிட்டது, பக்கத்து வீட்டம்மாள் கோபமாக இருக்கிறார் என்று கதை சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். எது ஆண் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "பார்த்துச் சொல்வது கஷ்டம்தான்" என்று உடனே ஒப்புக்கொண்டார். ஆணும் பெண்ணும் ஒரே நிறம், ஒரே கோலம். ஆண் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். இரண்டுமே கல் சுமக்கும், முறைவைத்து அடைகாக்கும், குஞ்சுக்கு ஊட்டும். இதையெல்லாம் பொறுமையாக எனக்கு விளக்கிவிட்டு, படகில் வந்திறங்கிய அடுத்த குழுவிடம் போய், கணவர் மனைவிக்குப் பரிசு கொண்டுவருகிறார் என்று தொடங்கினார். சற்று நேரத்தில் ஒரு ஸ்குவா தாழப் பறந்து வந்து வேறொரு கூட்டிலிருந்து முட்டையைக் கவ்விப் போனது. "பாவம், அந்தத் தாய்" என்றது ஒரு குரல். படுத்திருந்தது தாயா தந்தையா, யாருக்குத் தெரியும்?

ஆங்கிலத்தில் ஓர் உயிரை 'இட்' என்றால் அதைப் பொருளாக்கியது போலாகிவிடுகிறது. ஹீ, ஷீ என்று எதையாவது தேர்ந்தெடுத்தாக வேண்டியிருக்கிறது. எனக்கு அந்தத் தொல்லை இல்லை. தொல்காப்பிய மரபியல் பறவைகளுக்குச் சேவல், பெடை என்று பெயர் பிரித்துக் கொடுக்கிறது. மயிலை மட்டும் சேவல் என்ன வேண்டாம் என்று விதிவிலக்குகூட வைத்திருக்கிறது. ஆனால் அஃறிணை வினைமுற்றில் ஆண், பெண் கிடையாது. 'கல்லெடுத்து வந்தது' என்றால் வாக்கியம் முடிந்துவிட்டது. அந்தக் குளிரில் என் மொழிமேல் எனக்குப் பிரியம் பொங்கியது உண்மை. கூடவே, வகுப்பில் மாணவிகளிடம் நான் வழக்கமாகக் கேட்பதும் நினைவுக்கு வந்தது: வீட்டில் அண்ணன் 'வந்தான்', அப்பா 'வந்தார்', பொண்ணு மட்டும் ஏன் 'வந்துச்சு'? பறவையைக் குடும்ப நாடகத்திலிருந்து காப்பாற்றுகிற அதே விகுதிதான் நம்மை உயர்திணையிலிருந்து இறக்கியும் விடுகிறது.

பென்குவினைப் பார்த்தவர்களின் கதை இன்னும் சுவையானது. ஸ்காட்டின் இரண்டாம் பயணத்தில் மருத்துவராக வந்த ஜார்ஜ் மரே லெவிக், 1911-12இல் கேப் அடேரில் அடெலி பென்குவின்களைக் கூர்ந்து கவனித்தார். ஆண்கள் தமக்குள் புணர்வதையும் இறந்த பெண்களைப் புணர முயல்வதையும் கண்டு அதிர்ந்து, குறிப்பேட்டில் அந்த இடங்களைக் கிரேக்க எழுத்தில் எழுதிவைத்தார். படித்த கனவான்கள் மட்டும் படித்துக்கொள்ளலாம். தனியே அச்சிட்ட சில பக்கங்களும் ஒரு சிலர் கைக்கே போயின. பொதுவில் அவை வெளியானது 2012இல். ஆனால் கல்லுக்காகத் துணையல்லாத ஆணோடு கூடும் பெண் அடெலிகளைப் பற்றி 1998இல் ஓர் ஆய்வு வந்தபோது ஊடகங்கள் தயங்கவே இல்லை. விபச்சாரம் என்றே எழுதின. ஆண் செய்தால் கிரேக்கம், பெண் செய்தால் தலைப்புச் செய்தி!

அடெலி என்பதே ஒரு மனைவியின் பெயர்தான். 1840இல் வந்த பிரெஞ்சு மாலுமி துமோன் துர்வில் இங்குள்ள ஒரு கரைக்குச் சூட்டிய அந்தப் பெயர் பறவைக்கும் வந்தது. 1929இல் அமெரிக்கரான ரிச்சர்டு பர்டு ஒரு பெரும் நிலப்பரப்புக்குத் தன் மனைவி மேரியின் பெயரை வைத்தார். வீட்டிலிருந்த பெண்களின் பெயர்கள் இப்படி வரைபடத்தில் ஏறிக்கொண்டிருந்தன. இங்கே காலடி வைத்த முதல் பெண்ணாகப் பதிவான நார்வேயின் கரோலின் மிக்கெல்சன் வந்தது 1935இல். அவரும் கப்பல் தலைவரின் மனைவியாகத்தான் வந்தார். 1983-84 இந்தியப் பயணத்தில் சுதீப்தா சென்குப்தா புவியியலாளராகவும் அதிதி பந்த் கடலியலாளராகவும் வந்தார்கள். அவர்கள் வந்தது தங்கள் வேலைக்காக.

நான் வந்தது அம்மாவின் நகையில். என் கல்யாணத்துக்கென்று அவர் சீட்டுக் கட்டிச் சேர்த்த 30 பவுன் லாக்கரில் கிடந்தது. எனக்கு நாற்பத்தைந்து முடிந்ததும், அதை விற்றுவிடட்டுமா என்று கேட்டேன். "அத்தனையுமா?" என்றார் அம்மா. வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "வளையல் ரெண்டை மட்டும் வெச்சுக்கோ" என்றார். கையுறைக்குள் அந்த இரண்டும் சில்லிட்டுக் கிடந்தன. மதியச் சாப்பாட்டின்போது எதிரே இருந்த பெண்மணி, "உங்கள் கணவர் கேபினில் ஓய்வெடுக்கிறாரா?" என்று அன்பாக விசாரித்தார்.

பிற்பகல் ரப்பர் படகில் பனிக்கட்டிகளுக்கிடையே போனோம். ஒரு கட்டியின்மேல் லெப்பர்டு சீல் ஒன்று, மூன்று மீட்டர் நீளம் இருக்கும், பாம்புத் தலையும் அகன்ற வாயுமாகப் படுத்திருந்தது. இயந்திரத்தை நிறுத்தினார்கள். "என்ன கம்பீரம் இவனுக்கு!" என்றார் பெரிய லென்ஸ் வைத்திருந்தவர். இந்த இனத்தில் பெண்தான் ஆணைவிடப் பெரிது, இந்த அளவு என்றால் பெண்ணாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றார் வழிகாட்டி. லென்ஸ்காரர் கேமராவைக் கீழிறக்கி, எடுத்த படங்களை முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்க்கத் தொடங்கினார். அது ஒருமுறை கொட்டாவி விட்டு, மறுபக்கம் புரண்டு படுத்தது.