ஓடும் வீட்டின் பூட்டு

ஜீவனஹள்ளியின் குறுக்குத் தெரு ஒன்றில் ஒரு சிறிய வீடு. அதன் வாசற்கதவில் தொங்கும் பித்தளைப் பூட்டை ஒரு கல்லால் இரண்டு அடி அடித்தால் திறந்துவிடலாம். ஆயினும் முப்பது ஆண்டுகளில் அவ்வீட்டிலிருந்து ஒரு செம்புகூடக் களவு போனதில்லை. எதிர்வீட்டுப் பாட்டி பகலெல்லாம் வாசலில் அமர்ந்திருக்கிறார். தெருமுனையில் இஸ்திரி வண்டி நிற்கிறது. காலையில் பூக்காரியும் மாலையில் பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளும் கடந்து செல்கின்றனர். 1809-இல் பெங்களூரில் படைத்தளம் அமைந்தபின் சென்னை மாகாணத்திலிருந்து பல தரப்பினர் வந்து குடியேறினர். அவர்கள் வழியாகக் கிழக்குப் பகுதியின் இத்தகைய தெருக்களில் தமிழ் வேரூன்றியது. ஒருவர் வீட்டுக்கு வரும் விருந்தாளியை அடுத்த நான்கு வீடுகளும் அறியும். அவ்வீட்டைக் காத்தது பூட்டன்று, தெரு.

அவ்வீட்டுக்காரர் பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஓய்வூதியப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதலோடு அதைக் கேரவனாக மாற்றினார். திரைப்பட நடிகர்கள் ஓய்வெடுக்கும் கேரவன் அன்று அது. இருவர் உறங்கும் பலகைக் கட்டில், ஒற்றை அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சிறு குளிர்பெட்டி என ஒரு குடித்தனத்துக்கு வேண்டியவற்றை மட்டும் கொண்டது. குறுக்குத் தெருவுக்குள் நுழைய முடியாத அவ்வண்டி அகன்ற சாலையோரம் நின்றது. அங்கே நின்றவரை அதையும் தெருவே காத்தது.

சிக்கல் வண்டி புறப்படும்போதுதான் தொடங்குகிறது. வீடு நகர்கிறது, தெரு நகர்வதில்லை.

கேரவனின் சுவர் மெல்லிய தகடு. அதன் சன்னல்கள் பெரும்பாலும் நெகிழி அல்லது கண்ணாடி. கூரையில் காற்றுக்கென வைத்த திறப்பு, பக்கவாட்டில் நகரும் கதவு, ஓட்டுநர் பகுதியிலிருந்து உள்ளே செல்லும் வழி ஆகிய ஒவ்வொன்றும் ஒரு வாசல்தான். திருடனுக்கு ஒரு மணி நேரம் தேவையில்லை, ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தில் அவன் கைவைக்கும் இடங்களை ஊகிப்பதும் கடினமன்று: மெத்தைக்கு அடி, முன்பக்கப் பலகையின் சிற்றறை, துணி அலமாரி, குளிர்பெட்டி. இரும்புப் பெட்டகம் வைத்தாலும் அதை வண்டியின் அடித்தளச் சட்டத்தோடு உள்ளிருந்து திருகி இறுக்கவேண்டும். அவ்வாறு இறுக்காத பெட்டகம், திருடன் எளிதில் தூக்கிச் செல்லுமாறு எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிவைத்த மூட்டையே. இத்தனையும் செய்தபின்னும் ஓர் ஆபத்து எஞ்சுகிறது. வண்டியே களவு போனால் பெட்டகமும் பூட்டும் மறைவிடமும் அதனுடனேயே போய்விடும்.

ஓடும் வீடு தமிழர்க்குப் புதிதன்று. பெரும்பாணாற்றுப்படை காட்டும் உமணர் வண்டியில் கோழி தங்கும் கூடு இருக்கிறது, சிற்றுரல் தொங்குகிறது, காடி வைத்த கலம் கயிற்றால் கட்டப்பட்டிருக்கிறது. கைக்குழந்தையோடு ஒரு பெண் அமர்ந்து எருதுகளை ஓட்டுகிறாள். உப்பு விற்கச் செல்லும் அக்குடும்பத்தின் வீடே அந்த வண்டிதான். ஆனால் அங்கே பூட்டைப் பற்றிய பேச்சில்லை. புறநானூற்றின் 102-ஆம் பாடலில் ஔவையார் அவ்வண்டியின் அடியில் கட்டிய சேம அச்சைக் குறிப்பிடுகிறார். மேட்டிலும் பள்ளத்திலும் என்ன நேருமோ என்று அஞ்சி உமணர் எடுத்துச் சென்ற மாற்று அச்சு அது. அவர்கள் போற்றிக் காத்த பொருள் பயணத்தைத் தொடரச் செய்யும் பொருள். களவிலிருந்து அவர்களைக் காத்தது கூட்டமாகச் செல்லும் வழக்கம். சுங்கம் கொள்ளும் பெருவழிகளில் வில்லேந்திய காவலர் இருந்ததையும் அதே பெரும்பாணாற்றுப்படை சொல்கிறது. உமணர் தெருவைத் தம்முடன் அழைத்துச் சென்றனர் எனலாம்.

காவலைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்த நூல் சிலப்பதிகாரம். புகார் நகரின் வெள்ளிடை மன்றத்தில் வணிகர் தம் பெயர் பொறித்த பொதிகள் வாயிலும் தாழும் காவலரும் இன்றிக் கிடந்தன என்கிறது இந்திரவிழவூரெடுத்த காதை. எடுத்தவன் அச்சுமையோடு ஊரார் காண அங்கேயே சுற்றிச் சுற்றி வருவான் என்ற அச்சமே அங்குக் காவல். அத்தகைய ஊரை விட்டுக் கிளம்பிய கண்ணகியின் சிலம்பு, அவளை அறிந்தவர் எவருமற்ற மதுரையில் அவள் கணவனின் உயிரைப் பறித்தது. அச்சிலம்பு களவு போகவில்லை. களவுப் பொருள் என்று பழிக்கப்பட்டது. பழியைத் துடைக்கக் கண்ணகியிடம் சீட்டோ சாட்சியோ இல்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று அவள் அறிந்திருந்தாள். அரசியின் சிலம்பிலோ முத்துப் பரல். பொருள் எங்கே இருக்கிறது, அதன் உள்ளே என்ன இருக்கிறது என்ற அறிவே உடைமையின் இறுதிச் சான்று.

சட்டமும் ஓடும் வீட்டின் முன் சற்றுத் தயங்குகிறது. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 380-ஆம் பிரிவில், மனிதர் வாழும் கட்டடம், கூடாரம், கலம் ஆகியவற்றில் நிகழும் திருட்டுக்குச் சாதாரணத் திருட்டைவிடக் கூடுதலாக, 7 ஆண்டு வரை தண்டனை விதித்தது. கூடாரமும் படகும் அச்சட்டத்தின் கண்ணில் வீடுகள். சக்கரத்தின்மேல் நின்ற குடித்தனம் அப்பட்டியலில் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 305-ஆம் பிரிவு, சரக்கோ பயணிகளோ செல்லும் வாகனங்களையும் அவற்றிலுள்ள பொருள்களையும் சேர்த்துக்கொண்டது. எனினும் அது வாகனமாகவே சேர்ந்தது, வீடாக அன்று. காப்பீட்டிலும் இதே நிலைதான். வழக்கமான வாகனப் பாலிசி வண்டியையும் அதில் பொருத்திய கருவிகளையும் காக்கும். உள்ளே வைத்த நகையையும் பணத்தையும் காக்காது. உடைமைகளுக்கெனத் தனியே சேர்க்கை வாங்கினாலும் அவ்விரண்டும் பெரும்பாலும் விலக்குப் பட்டியலில் இருக்கும். வீட்டுக் காப்பீடோ பெரும்பாலும் பாலிசியில் எழுதிய முகவரிக்குள் இருப்பதையே கணக்கில் கொள்ளும். கேரவன் வீடு என்பவரிடம் அது வாகனம் என்றும், வாகனம் என்பவரிடம் உள்ளிருப்பது வீட்டுப் பொருள் என்றும் விடை கிடைக்கும்.

ஜீவனஹள்ளிக்காரர் இவற்றையெல்லாம் ஆராய்ந்தவரே. தொழிற்சாலையில் பழகிய ஒழுங்கோடு ஒவ்வொன்றையும் செய்தார். வாகனப் பதிவுச் சான்றையும் ஓட்டுநர் உரிமத்தையும் டிஜிலாக்கரில் வைத்தார். அங்குள்ள ஆவணம் மூலத்துக்கு இணையாக ஏற்கப்படுவதால் மூலத்தைச் சுமக்கவேண்டியதில்லை. பணத்தை ஓரிடத்தில் வைக்காமல் பிரித்தார். சாலையோரம் நிற்கும்போது திரையை இழுத்துவிட்டார். இரவில் தனித்த இடத்தில் நிற்காமல், விளக்கும் ஆளும் உள்ள பெட்ரோல் பங்கில் அனுமதி கேட்டு நின்றார். மதுரையில் உறவினர் திருமணம் வந்தது. மனைவியின் 17 சவரன் நகையும் உடன் செல்லவேண்டியதாயிற்று. அதற்கென ஒரு மறைவிடம் அமைத்தார். அது எங்கே என்று மனைவி கேட்டபோது சிரித்தபடி, “உனக்குத் தெரிஞ்சா நீ அதையே பார்த்துக்கிட்டு இருப்ப. பார்க்கிற பார்வையே காட்டிக் கொடுத்துடும்” என்றார். அச்சொல்லில் நியாயம் இல்லாமல் இல்லை. அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

நாமக்கல்லுக்கு அருகே ஒரு பங்கில் இரவு தங்கியிருந்தபோது அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன. பேச்சு போயிற்று. பங்கில் இரவுப் பணியிலிருந்த இளைஞன் 108-ஐ அழைத்தான். மனைவி கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு ஆம்புலன்ஸில் ஏறினார். “வண்டியை நான் பார்த்துக்கறேம்மா, நீங்க போங்க” என்றான் அவன். சேலத்தில் மருத்துவமனையில் முன்பணம் கேட்டபோதுதான், பணம் எங்கெங்கே இருக்கிறது என்பதும் தனக்குத் தெரியாது என்பதை அவர் உணர்ந்தார். உறவினர் கைப்பேசி வழியே அனுப்பிய பணம் அந்த இரவைக் கடத்தியது. இரண்டு இரவுகள் கேரவன் அந்தப் பங்கிலேயே நின்றது. பிறகு ஐதராபாத்திலிருந்து வந்த மகன் அதை ஓட்டிக்கொண்டு ஜீவனஹள்ளிக்குத் திரும்பினான்.

தேடல் தொடங்கியது. மெத்தையைப் பிரித்தார்கள். மசாலா டப்பாக்களைக் கவிழ்த்தார்கள். தண்ணீர்த் தொட்டியின் அடியில் கைவிட்டார்கள். விளக்குக் கூடுகளைக் கழற்றினார்கள். பிரித்து வைத்த பணம் மூன்று இடங்களில் கிடைத்தது, நகை கிடைக்கவில்லை. கட்டிலில் கிடந்தவரிடம் கேட்டால் இடக்கையைக் கீழ்நோக்கி அசைத்தார். கீழே என்றால் எங்கே? வண்டியின் கீழா, கட்டிலின் கீழா, அல்லது ‘விடுங்கள்’ என்ற பொருளா? அவர் கண்ணில் நீர் வழிந்தது. தான் வைத்த பூட்டுக்குத் தானே சாவியாக இருந்தவர், திறக்க இயலாமல் கிடந்தார்.

மூன்றாம் நாள் மகன் சொன்னான்: “அம்மா, ரெண்டு ராத்திரி வண்டி அந்தப் பையன் பொறுப்புல இருந்துச்சு.” அதற்குமேல் அவன் சொல்லவேண்டியிருக்கவில்லை. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு. ஊர்விட்டு ஊர் செல்வோர்க்கு அது பெரும் வசதி. நாமக்கல் போகாமலேயே அந்த இளைஞன்மீது பெங்களூரில் புகார் எழுதலாம். மகன் தாளை எடுத்தான். தாய் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “அந்தப் பையன் இல்லேன்னா உங்கப்பா இன்னிக்கு இல்ல. ரெண்டு நாள் பொறு.”

அந்த இரண்டு நாளில் விடை கிடைத்தது. கேரவனுக்குப் பலகை வேலை செய்த தச்சர் பக்கத்துத் தெருக்காரர். சொந்த ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தவர் திரும்பியதும் செய்தி கேட்டு நேரே வந்தார். “அண்ணன் யாருக்கும் சொல்லாதேன்னாரு. உங்களுக்குமா சொல்லல, அக்கா?” என்றார். கட்டிலுக்கு அடியிலிருந்த இழுப்பறையை முழுதும் வெளியே எடுத்தார். தரையை ஒட்டிய குறுக்குப் பலகையைப் பக்கவாட்டில் தள்ளினார். கையகல இடைவெளியில் துணிப்பொட்டலம் இருந்தது. அதை எடுத்து அக்காவின் கையில் கொடுத்துவிட்டு, அவர் எண்ணி முடிக்கும்வரை தச்சர் வண்டிக்கு வெளியே முதுகு காட்டி நின்றார். எல்லாம் இருந்தன.

மறைவிடத்தின் குறை பலகையில் இல்லை. திருடனுக்குத் தெரியாமல் ஒளிப்பது ஒரு கலை. ஆனால் உரியவர்க்கும் தெரியாமல் ஒளித்தால் பொருள் அப்போதே பாதி தொலைந்ததாகிவிடுகிறது. மீதிப் பாதி ஒரு மனிதரின் நினைவிலும் நாவிலும் தொங்குகிறது. அந்த மனிதர் சாயும்போது பொருள் மட்டும் மறைவதில்லை, அருகில் நின்ற ஏழை ஒருவன் கள்வனாகிறான். மதுரையில் பொற்கொல்லனின் பொய் செய்ததை, இங்கே ஒரு நல்ல கணவரின் முன்னெச்சரிக்கை செய்ய இருந்தது.

இந்திய ரிசர்வ் வங்கியின் திருத்திய நெறிமுறைகள் 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளன. அவற்றின்படி வங்கிப் பெட்டகத்தில் தீயாலோ திருட்டாலோ ஊழியரின் மோசடியாலோ இழப்பு நேர்ந்தால் ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரை வங்கி பொறுப்பேற்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பது வங்கிக்கும் தெரியாது. அறிவின் பொறுப்பு அங்கும் உரியவரிடமே நிற்கிறது. அந்த நகைகள் இப்போது வங்கிப் பெட்டகத்தில் இருக்கின்றன. இருவரில் எவரும் திறக்கலாம், வாரிசும் பதிவாகியிருக்கிறது. ஒவ்வொரு நகையின் படமும் எடையும் மகனிடமும் மருமகளிடமும் உள்ளன. கேரவனில் செல்வது மருந்து, மாற்றுடை, சிறு பணம், மாற்றுச் சக்கரம் ஆகியவை மட்டுமே. உமணர் கணக்கும் ஏறத்தாழ அதுவே.

அவருக்கு இப்போது சில சொற்கள் திரும்பியிருக்கின்றன. கேரவன் பழைய இடத்திலேயே நிற்கிறது. பொங்கலுக்கு முன்பு அவருடைய மனைவி நாமக்கல் பங்குக்குத் தொலைபேசினார். அந்த இளைஞனை அழைக்கச் சொல்லி, வண்டியைப் பத்திரமாகக் காத்ததற்கு நன்றி சொன்னார். “அதுல என்னம்மா இருக்கு, ஐயா எப்படி இருக்காரு?” என்று கேட்டான் அவன். மூன்று நாள் தான் கள்வனாக இருந்தது அவனுக்குத் தெரியாது. அந்த ஒன்றை மட்டும் அவர் ஒளித்துவைத்தார்.