மலையில சோதிக்காங்க

பணகுடிக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. வாசலில் நின்று மேற்கே பார்த்தால் மகேந்திரகிரி. 1,600 மீட்டருக்கு மேல் உயரம். ஆனி, ஆடியில் உச்சி வெளியே தெரிவது அபூர்வம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அந்த மாதங்களில் வாழை இலைகளை நார் நாராகக் கிழித்துவிடும். அனுமன் இலங்கைக்குத் தாவியது இந்த மலையிலிருந்துதான் என்று ஆச்சி சொல்வாள். அதனால் மலைமேல் என்ன நடந்தாலும் அவளுக்கு வியப்பே இருந்ததில்லை.

எண்பதுகளின் கடைசியில் மலையிலிருந்து ஒரு சத்தம் வரத் தொடங்கியது. இடி என்றால் உருண்டு ஓய்ந்துவிடும். இது ஓயாது. மசங்கின நேரத்தில் சரிவில் ஒரு செம்மை படரும். சற்றுப் பொறுத்துத்தான் சத்தம் வந்து சேரும். வந்தபின் அடுக்களையில் அடுக்கிவைத்த ஈயப் பாத்திரங்கள் கிணுகிணுக்கும், கோழிகள் கூட்டுக்குள் அடித்துக்கொள்ளும். பீடி சுற்றிக்கொண்டிருக்கும் அத்தைமார் மடியில் சுளகோடு அப்படியே மேற்கே திரும்புவார்கள். "மலையில சோதிக்காங்க" என்பார் அப்பா. யாருக்கும் அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. சத்தம் சட்டென்று நிற்கும். நின்றபின் வரும் அமைதியில் காற்றின் இரைச்சல்கூடப் புதிதாகக் கேட்கும்.

எனக்கு விளக்கம் வேண்டியிருந்தது. மலையில் கட்டட வேலைக்குப் போய்வந்த சித்தப்பாவை விடமாட்டேன்.

"எப்ப மேல போவும் சித்தப்பா?"

"போவாதுல மக்கா. போயிரக் கூடாதுன்னுதான் கட்டிப்போட்டு எரிக்காங்க. இங்க ஒழுங்கா எரிஞ்சாத்தான் ஸ்ரீஹரிகோட்டாவுல ஏத்துவாங்க."

அவர் விஞ்ஞானி இல்லை. ஆனால் இந்திய விண்வெளித் திட்டத்தைப் பற்றி அதைவிடச் சரியான பேச்சை நான் பின்னாளில் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

நாங்கள் கேட்டது விகாஸ் என்ஜினின் சத்தம். பிரான்ஸின் வைக்கிங் என்ஜினிலிருந்து வளர்த்தெடுத்தது அது. நாகர்கோவிலில் பிறந்த நம்பி நாராயணனின் குழு பிரெஞ்சுக்காரர்களோடு ஆண்டுக்கணக்கில் வேலைசெய்து கற்றுவந்த வித்தை. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் இரண்டாம் நிலையில் சுமார் 40 டன் திரவ எரிபொருளை அது இரண்டரை நிமிஷம் போலக் குடித்துத் தீர்க்கும். எரிபொருளும் ஆக்ஸிகரணியும் ஒன்றையொன்று தொட்ட மாத்திரத்தில் தாமே பற்றிக்கொள்ளும். இரண்டும் கொடிய நஞ்சு. ஊரை விட்டு ஒதுங்கி ஒரு மலைச்சரிவு ஏன் வேண்டியிருந்தது என்பது எனக்கு அப்புறம்தான் விளங்கியது.

எங்கள் மலைக்கு முன்பும் ஒரு வரிசை உண்டு. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவில் மேலே போன முதல் ராக்கெட் அமெரிக்கா தந்தது. அங்கே ஒரு மாதா கோயில்தான் அலுவலகம். 1975-இல் ஆரியபட்டாவைச் சோவியத் ராக்கெட் தூக்கிச்சென்றது. 1980 ஜூலை 18-இல் எஸ்.எல்.வி.-3 நம் மண்ணிலிருந்து ஏற்றிய ரோகிணியின் எடை வெறும் 35 கிலோ. அந்த வரிசையில்தான் எங்கள் மலையின் முறை வந்தது.

1993 செப்டம்பர் 20 பள்ளி நாள். சாயங்காலம் திரும்பும்போது டீக்கடை ரேடியோவைச் சுற்றிக் கூட்டம். முதல் பி.எஸ்.எல்.வி. வங்கக் கடலில் விழுந்துவிட்டது. சித்தப்பா அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. கட்டுப்பாட்டு மென்பொருளில் ஒரு பிழை, இரண்டாம் நிலை பிரியும் நேரத்தில் ராக்கெட் நிலைதடுமாறியது என்று பிறகு தெரிந்தது. மலையில் எரித்துப் பார்த்த என்ஜின் தன் வேலையைச் செய்து முடித்திருந்தது. அடுத்த ஆண்டு அக்டோபர் 15-இல் பி.எஸ்.எல்.வி. வென்றது. தெருவில் சீரணி மிட்டாய் வாங்கிக் கொடுத்தவர் சித்தப்பாதான்.

அதைவிடக் கடினமான பாடம் இன்னொன்று காத்திருந்தது. கிரையோஜெனிக் என்ஜினுக்கு மைனஸ் 253 டிகிரியில் திரவ ஹைட்ரஜன் வேண்டும், மைனஸ் 183-இல் திரவ ஆக்ஸிஜன் வேண்டும். அந்த நுட்பத்தைத் தருவதாக 1991-இல் ஒப்புக்கொண்ட மாஸ்கோ, அமெரிக்க நெருக்குதலால் 1993-இல் பின்வாங்கியது. செய்த என்ஜின்களைத் தருவோம், செய்யும் வழியைத் தரமாட்டோம் என்றார்கள். மகேந்திரகிரியில் மறுபடி எரித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். 2010 ஏப்ரலில் நம் சொந்தக் கிரையோஜெனிக் என்ஜினோடு போன ஜி.எஸ்.எல்.வி. கடலில் விழுந்தது. எரிபொருளைத் தள்ளும் பம்ப் ஒன்று நின்றுபோனது. 2014 ஜனவரி 5-இல்தான் வெற்றி. அந்த என்ஜினுக்காக உழைத்தவர்களில் ஒருவரான குமரி மாவட்டத்து வி. நாராயணன் 2025 ஜனவரி முதல் இஸ்ரோவின் தலைவர். சந்திரயான்-3ஐ 2023-இல் தூக்கிய ராக்கெட்டின் திரவ என்ஜினும் கிரையோஜெனிக் என்ஜினும் எங்கள் மலையில் எரிந்து காட்டிய வகைகளே.

மலை இன்னும் ஓயவில்லை. மண்ணெண்ணெய் வகை எரிபொருளையும் திரவ ஆக்ஸிஜனையும் கொண்டு இருநூறு டன் உந்துவிசை தரும் என்ஜின் ஒன்று அங்கே உருவாகிவருகிறது. 2025 மார்ச் 28-இல் அதன் மூலப் பகுதியை இரண்டரை விநாடி எரித்துப் பார்த்தார்கள். இரண்டரை விநாடிதான். அதற்குப் பின்னால் எத்தனை வருஷ உழைப்பு என்பது மலையடிவாரத்துக்காரர்களுக்குத் தெரியும். கிழக்கே குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் இரண்டாம் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவம் நோக்கிப் போகும் ராக்கெட் இலங்கையைத் தவிர்க்க வளைந்து போகவேண்டும். சிறிய ராக்கெட்டுக்கு அந்த வளைவு பெரிய எரிபொருள் நஷ்டம். குலசையிலிருந்து நேர்தெற்கே கடல்தான். முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு வேஷம் கட்டும் பிள்ளைகள் இனி ராக்கெட் ஏறுவதைக் கண்ணால் பார்ப்பார்கள். எங்களுக்குச் சத்தம் மட்டும்தான் வாய்த்தது.

2035-க்குள் சொந்த விண்வெளி நிலையம், 2040-க்குள் நிலவில் இந்தியர் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். இரண்டும் நடக்கவேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஆனால் ககன்யான் தள்ளிப்போகிறது என்று எரிச்சல்படுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2018-இல் அறிவித்தபோது 2022 என்றார்கள். அந்த ஆண்டு கடந்துபோனது. போகட்டும். இம்முறை ராக்கெட்டின் உச்சியில் உட்காரப்போவது மனிதர்கள். அவர்களை ஏற்றிச்செல்லும் கிரையோஜெனிக் என்ஜினுக்கு 6,350 விநாடி சோதனை போதும் என்பது விதி. மகேந்திரகிரியில் நான்கு என்ஜின்களை 39 முறை, மொத்தம் 8,810 விநாடி எரித்துப் பார்த்த பிறகுதான் 2024 பிப்ரவரியில் அதற்குத் தகுதிச் சான்று கிடைத்தது. எப்போது போகும் என்று இஸ்ரோவைக் கேட்கும் அன்பர்கள், எத்தனை விநாடி எரித்துப் பார்த்தீர்கள் என்பதை முதலில் கேளுங்கள்.