கட்டி முடிக்கிற வரைக்கும்

ஆண்டை வீட்டு மாட்டை ஓட்டினால் கூலி, சொந்த வண்டியை ஓட்டினால் வாடகை. இந்த ரெண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தைத் தாண்டத்தான் பெரம்பலூர், அரியலூர் பக்கத்துச் சேரிப் பையன்கள் தவணையில் லோடு ஆட்டோ எடுக்கிறார்கள். மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம், சிமெண்டு மூட்டை என்று சில மாதம் ஓட்டம் இருக்கும். மற்ற மாதங்களில் வண்டி புளியமரத்தடியில் நிற்கும். டியூ நிற்காது.

என் சித்தப்பா மகனும் அப்படித்தான் எடுத்தான். இங்கிலீஷில் அச்சடித்த தாளில் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்து, கூடவே சில காலி செக். ஹயர் பர்ச்சேஸ் என்றால் கடைசித் தவணை வரைக்கும் வண்டி கம்பெனியுடையது, நாம் வாடகைக்காரர்கள். பாதிக்கு மேல் கட்டியிருந்தான். மழை பொய்த்த வருசம் ரெண்டு தவணை தவறியது.

ராத்திரி எட்டரைக்கு வசூல் ஆள் தெருவில் வந்து நின்றான். "ஏ கெழவி, மவன எங்க ஒளிச்சு வச்சிருக்க? வாங்கத் தெரிஞ்சவனுக்குக் கட்டத் தெரியாதா?" சின்னம்மா அன்றைக்குச் சோறு தின்னவில்லை. இதே ஆள் ஊர்த்தெருவில் டிராக்டர் தவணைக்குப் போய், திண்ணைக்குக் கீழே நின்று "ஐயா, கொஞ்சம் பாத்துச் செய்யுங்க" என்றதை நானே பார்த்திருக்கிறேன். அதற்காக ஊர்த்தெரு தப்பிவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2016 மார்ச்சில் ஒரத்தநாடு பக்கம் டிராக்டர் தவணைக்காக ஒரு விவசாயியைப் போலீஸ் அடித்து இழுத்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அதே நாட்களில் அரியலூர் மாவட்டத்தில், டிராக்டரைப் பறிகொடுத்த விவசாயி ஒருவர் விஷம் குடித்துச் செத்தார்.

தம்பியின் வண்டியை ஜெயங்கொண்டம் ரோட்டில் மறித்து, மூட்டைகளைக் கீழே தள்ளிவிட்டுத் தூக்கிப் போனார்கள். நானும் அவனும் கம்பெனிக்குப் போனோம். கணக்கு வாசித்தார்கள்: தாமதக் கட்டணம், செக் திரும்பியதற்கு, வசூலுக்கு வந்த ஆளின் படி, வண்டியைத் தூக்கிய கூலி, நிறுத்தி வைத்த இடத்துக்கு நாள் வாடகை. நம்மிடம் பறித்துவிட்டு, பறித்த கூலியையும் நம்மிடமே கேட்கிறான்!

ரசீதுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் சூட்சுமம் தெரிந்தது. இவன் கட்டுகிற பணத்தை முதலில் அபராதத்தில் வரவு வைக்கிறார்கள். தவணை முழுசாக அடைவதில்லை. அடையாததால் மறுமாதமும் அபராதம். பண்ணையாள் கணக்கும் இப்படித்தானே இருந்தது? எங்கள் தாத்தா வாங்கிய நெல்லுக்கு அப்பாவும் உழைத்தார். கொத்தடிமை முறையை 1976இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். நோட்டு மட்டும் இன்னும் அவர்கள் கையிலேயே இருக்கிறது.

சட்டத்தின் கதையையும் கேளுங்கள். பெரும்பகுதி கட்டியவனிடமிருந்து கோர்ட் மூலமாக அல்லாமல் பொருளைப் பறிக்கக் கூடாது என்று 1972இல் நாடாளுமன்றம் ஒரு வாடகைக் கொள்முதல் சட்டம் இயற்றியது. அதை ஒருநாள்கூட அமலுக்குக் கொண்டுவராமல் வைத்திருந்து, 2005இல் ரத்தும் செய்துவிட்டார்கள். அடியாட்களை விட்டு வண்டி பறிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007இல் கண்டித்தது. இரவு 7 மணிக்கு மேல் போன்கூடப் பண்ணக் கூடாது, மிரட்டவோ அவமானப்படுத்தவோ கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் சொன்னது. அபராதத்தை அசலோடு சேர்த்து வட்டி போடக் கூடாது என்றது 2023 சுற்றறிக்கை. இதில் எதையும் அந்த வசூல் ஆள் வாசித்திருக்க மாட்டான். அவனும் கமிஷனுக்கு அலைகிற ஒரு கூலிதான்.

ஒவ்வொரு கட்டணமும் எந்த விதிப்படி என்று எழுத்தில் கேட்டு, பதிவுத் தபாலில் தமிழிலேயே அனுப்பினோம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் நகலைக் கொடுத்தோம். தூக்குக் கூலியும் நிறுத்திய வாடகையும் குறைந்தன. தாமதக் கட்டணத்தில் ஒரு பைசா குறையவில்லை. வண்டி வந்தது, ஸ்டெப்னி டயர் இல்லாமல்.

கடைசித் தவணை கட்டி நாலு மாசமாகிறது. ஆர்.சி.யிலிருந்து கம்பெனி பெயரை நீக்கத் தடையில்லாச் சான்று வேண்டும். போன வாரம் கேட்டதற்கு, அதுக்கும் ஒரு சார்ஜ் இருக்கு என்றார்கள். எழுத்தில் கொடுங்கள் என்றிருக்கிறோம்.