பெட்டி ஓ.கே. சொல்லிடுச்சு... தண்ணி வந்துச்சா?

பி.காம். படித்தவனுக்கு டெபிட் தெரியும், கிரெடிட் தெரியும். மச்சானிடம் எவ்வளவு வரைக்கும் கைமாத்து கேட்கலாம் என்பதும் ஓரளவு தெரியும். ராத்திரி பதினொரு மணிக்குக் கிணற்றடியில் உட்கார்ந்து மோடம் என்கிற ஜந்துவோடு பேச்சுவார்த்தை நடத்த வேண்டியிருக்கும் என்று மட்டும் எந்த புரொஃபஸரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

எங்கள் நிலம் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற பக்கம் இருக்கிறது. வரப்பில் நின்று நிமிர்ந்தால் எதிரே கல்வராயன் மலை. கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் மரவள்ளி, ஒரு கிணறு, என் வயசுள்ள ஒரு மோட்டார். அந்த வருஷம் எங்கள் லைனில் த்ரீ ஃபேஸ் கரண்ட் ஒரு வாரம் பகலில் வந்தால் மறு வாரம் ராத்திரியில் வரும். ராத்திரி முறை என்றால் அறுபத்து நாலு வயசு அப்பா பேட்டரி லைட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒரு நாள் போனவர் அதே வேகத்தில் திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்து, "ஒண்ணுமில்ல... கண்ணாடி விரியன். செருப்புக்கு ஒரு ஜாண் தள்ளிப் படுத்திருந்துச்சு" என்றார். அம்மா அன்று தூங்கவில்லை.

மறுநாளே டவுனுக்குப் போய் ஒரு மொபைல் ஸ்டார்ட்டர் வாங்கி மாட்டினேன். வீட்டிலிருந்தே போன் மூலம் மோட்டார் போடலாம் என்றார்கள். போடலாம்தான்... நாலு மாசம் வரைக்கும். அப்புறம் விளக்கு எரியும், வேலை செய்யாது. விற்றவரைக் கேட்டால், "டவர் பிராப்ளம் சார்" என்றார். நம் ஊரில் ஒரு காலத்தில் எல்லாம் சனி பகவானால் நடந்தது. இப்போது டவரால் நடக்கிறது.

கோபத்தில் பெட்டியைத் திறந்தேன். உள்ளே கட்டை விரல் அகலத்தில் ஒரு சமாசாரம், அதன் வயிற்றில் சிம் கார்டு. அதுதான் மோடம். சரி, நாமே இதை மேய்த்துப் பார்ப்போம் என்று நானூறு, ஐந்நூறு ரூபாயில் ஒரு குட்டி போர்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அதன் ஞாபக சக்தி 2 கிலோபைட். 1982-ல் வெளிநாட்டுப் பையன்கள் டி.வி.யில் மாட்டி விளையாடிய கமோடர் 64 என்ற வீட்டுக் கம்ப்யூட்டருக்கே 64 கிலோபைட் இருந்தது. அதாவது நான் அவர்களைவிட 32 மடங்கு ஏழை!

இந்த மோடமுக்குப் புரிகிற பாஷையும் அந்தக் காலத்துதான். 1981-ல் அமெரிக்காவில் டென்னிஸ் ஹேய்ஸ், டேல் ஹெதரிங்டன் என்ற இருவர் ஸ்மார்ட்மோடம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வினாடிக்கு முப்பது எழுத்துதான் போகும். ஆனால் அதனிடம் 'ஏ.டி.' என்று ஆரம்பித்து எதையும் சொல்லலாம். ஏ.டி. என்றால் அட்டென்ஷன், 'இங்கே பாரு' என்று அர்த்தம். 'ஏ.டி.டி.' என்று எழுதி நம்பர் கொடுத்தால் டயல் பண்ணும். 'ஏ.டி.ஹெச்.' என்றால் போனை வைத்துவிடும். அன்றைக்கு வைத்த அதே எழுத்துகளைத்தான் நாற்பது வருஷம் கழித்து எங்கள் கரும்புக் கொல்லையிலும் அடித்தேன்.

அந்த வசதி இல்லாத மலிவு மோடம்களும் இருந்தன. அவற்றில் கம்ப்யூட்டர் புரோகிராமே போன் லைனை எடுத்து வைத்து, எடுத்து வைத்து டயல் பண்ண வேண்டும். படித்தபோது எனக்கு இது புரியவே இல்லை. எங்கள் தெருவில் டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்து ரிட்டயரான மாமா ஒருவர் இருக்கிறார். அவர்தான் சிரித்தார்.

"இதுல என்ன தம்பி அதிசயம்? அப்பல்லாம் சுத்துற போனுக்குச் சின்னதா ஒரு பூட்டு போட்டு மேனேஜர் சாவிய எடுத்துட்டுப் போயிடுவாரு. கிளார்க்கு என்ன செய்வான்? ரிசீவர் வைக்கிற குமிழைத் தட்டுவான். அஞ்சுன்னா அஞ்சு தட்டு. சைபர்னா பத்து. நம்பருக்கு நம்பர் கொஞ்சம் இடைவெளி விடணும். எக்ஸ்சேஞ்சுக்கு டயல் சுத்தினதும் ஒண்ணுதான், தட்டினதும் ஒண்ணுதான்."

ஆக, வெள்ளைக்காரப் பையன்கள் கம்ப்யூட்டருக்கு எழுதிக் கொடுத்த புரோகிராமை நம் ஊர் ஆபீஸ் கிளார்க்குகள் விரலிலேயே வைத்திருந்திருக்கிறார்கள்!

என் முதல் புரோகிராம் ரொம்ப எளிமை. எஸ்.எம்.எஸ். வந்தால் படி. அதில் ஆங்கிலத்தில் 'ஆன்' என்று இருந்தால் மோட்டாரைப் போடு. 'ஆஃப்' என்று இருந்தால் நிறுத்து. பிரமாதமாக ஓடியது. வீட்டில் எல்லோரும் என்னை எஞ்சினீயர் மாதிரி பார்த்தார்கள். பகல் முறை வந்த வாரம், காலை பத்தரைக்கு மோட்டார் தானாக நின்றது. அப்பா போய்ப் போட்டார். பன்னிரண்டுக்கு மறுபடி நின்றது. எனக்குக் காரணம் தெரிய சாயங்காலம் ஆயிற்று. அந்த சிம்முக்குப் போன் கம்பெனி விளம்பரம் அனுப்பியிருந்தது: ஸ்பெஷல் ஆஃபர்! ஆங்கிலத்தில் ஆஃபர் என்று எழுதிப் பாருங்கள். முதல் மூன்று எழுத்து ஆஃப்.

இதைச் சொல்லி ஊரெல்லாம் சிரித்தேன். சிரித்த வாயோடு உட்கார்ந்து அன்றே சரி செய்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

வெள்ளிக்கிழமை அப்பா பம்புக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பழைய செட், மோட்டார் தனி, பம்பு தனி, நடுவே கப்ளிங். தோளில் துண்டு. இன்னொரு விளம்பரம் வந்தது. 'இன்று மட்டும்' என்பதற்கு ஆங்கிலத்தில் 'ஒன்லி' போட்டிருந்தான். அதன் முதல் இரண்டு எழுத்து ஆன்.

துண்டை மட்டும்தான் இழுத்துக்கொண்டது. அப்பா என்னைத் திட்டவே இல்லை. கிழிந்த துண்டைக் கொண்டுவந்து என் போர்டு பக்கத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. திட்டியிருக்கலாம்.

அந்த இரண்டு நாளில்தான் ஹெதரிங்டனின் மூளை எனக்குப் புரிந்தது. அவருக்கும் இதே சிக்கல்தான். ஒரே கம்பியில் அக்கரைக்குப் போகிற பேச்சும் போகிறது, மோடமுக்கான கட்டளையும் போகிறது. எது எது என்று எப்படிப் பிரிப்பது? அவர் மூன்று பிளஸ் அடையாளம் வைத்தார்: +++. அது மட்டும் போதாது. அதற்கு முன்னால் ஒரு வினாடி மௌனம், பின்னால் ஒரு வினாடி மௌனம். பேச்சின் நடுவே தற்செயலாக மூன்று பிளஸ் வந்தாலும் அந்த மௌனம் வராதே! இதற்கு 1985-ல் பேடண்ட்டும் கிடைத்தது. ராயல்டி கொடுக்க மனசில்லாத சில கம்பெனிகள் மௌனத்தை விட்டுவிட்டு மோடம் செய்தன. கடிதத்தில் யாராவது அந்தப் பிளஸ்களையும் போனை வைக்கிற கட்டளையையும் சேர்த்து எழுதினால் போதும், லைன் கட்! நான் அந்தக் கம்பெனிகளின் வாரிசு.

எஸ்.எம்.எஸ். படிப்பதையே நிறுத்தினேன். அப்பா நம்பரிலிருந்து மிஸ்டு கால் வந்தால் மட்டும் மோட்டார் ஓடும். மோடம் போனை எடுக்காது, நம்பரை மட்டும் பார்த்துக் கட் பண்ணும். பம்பில் கை வைக்குமுன் மெயினை இறக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் போட்டோம். அதை அம்மா அமல்படுத்தினாள்.

பேச ஆரம்பித்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி: "பெட்டி என்னா சொல்லும்?"

"ஓ.கே.ன்னு சொல்லும்பா."

"தண்ணி வந்துச்சானு சொல்லுமா?"

எனக்குப் பதில் இல்லை. கட்டளை கொடுத்தால் மோடம் ஓ.கே. என்கும். கேட்டுக்கொண்டேன் என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். நடந்துவிட்டது என்று அல்ல. நான் ஆபீஸில் வேலை பார்த்த ஆறு வருஷமும் மேனேஜரிடம் சொன்ன "ஓ.கே. சார்" எந்த ரகமோ, அதே ரகம்.

அந்த ஓ.கே.யும் வராமலே போனால்? டவர் இல்லாத இடத்தில் பெட்டி என்ன செய்கிறது என்று பார்க்க, பாட்டரியோடு அதைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு வெள்ளிமலை பஸ் ஏறினேன். சிக்னல் எவ்வளவு என்று மோடமைக் கேட்டால் 0 முதல் 31-க்குள் ஒரு எண் சொல்லும். கீழே 17. மலை வளைவுகளில் 11, 8, 4. ஒரு திருப்பத்தில் 99. அது சதமடித்த சந்தோஷமில்லை. 'தெரியாது' என்பதற்கு அதன் பாஷையில் 99. "என்னா சார், ரேடியோவா? பாட்டு போடுங்க" என்றார் கண்டக்டர். நான் போன் பண்ணச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். பதில் வரவில்லை. என் புரோகிராம் பதிலுக்குக் காத்துக்கொண்டே நின்றுவிட்டது. கீழே இறங்கி 17 வந்த பிறகும் அசையவில்லை. வராத ஓ.கே.க்குத் தவம்! டவர் பிராப்ளம் என்றாரே கடைக்காரர், பாதி உண்மைதான்.

திரும்பி வந்து ஒவ்வொரு கேள்விக்கும் கெடு வைத்தேன். பத்து வினாடிக்குள் பதில் இல்லையென்றால் மோடமின் கரண்டை நிறுத்தி மறுபடி எழுப்பு. குழாய் வாயில் தண்ணீர் தள்ளினால் மூடிக்கொள்கிற ஒரு சுவிட்ச் வைத்தேன். தண்ணீர் வந்தால்தான் பெட்டி அப்பாவுக்குத் திருப்பி மிஸ்டு கால் கொடுக்கும். இரண்டு நிமிஷத்தில் வராவிட்டால் மோட்டாரை நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கும்.

முதல் வாரம் மணி அடித்த பிறகும் அப்பா லைட்டை எடுத்துக்கொண்டு போனார். இரண்டாவது வாரம் திண்ணையோடு நின்றார். மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி மிஸ்டு கால் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். ஐந்து நிமிஷம் ஆயிற்று, மணி அடிக்கவில்லை. போச்சு, மறுபடி என் புரோகிராம்தான் என்று எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இருவரும் தடி, லைட்டோடு போனோம். மோட்டார் நின்றிருந்தது. அப்பா கிணற்றுக்குள் வெளிச்சம் அடித்தார். புட் வால்வு தண்ணீருக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

"சரியாத்தான் சொல்லியிருக்கு" என்றார்.

மறுநாள் டெலிபோன் மாமாவிடம் டீக்கடையில் அவர் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது: "பி.காம்.ல இப்ப இதெல்லாம் சொல்லித் தராங்கப்பா!"