மைக் முன்னால் மீன்கார அக்கா

பதிவு தொடங்குமுன் ஏசியை நிறுத்திவிடுகிறார்கள். அதன் இரைச்சல் நம் காதுக்கு உறைக்காது; மைக்குக்கு உறைக்கும். சுவரெல்லாம் நுரைப்பஞ்சு ஒட்டிய சின்ன அறை. கதவைச் சாத்தினால் கொஞ்ச நேரத்தில் வியர்த்து ஊற்றுகிறது. கிழக்குக் கடற்கரையோரக் கல்லூரி ஒன்றில் இயங்கும் சமுதாய வானொலி இது. இங்கே கலந்துரையாடல் நிகழ்ச்சி எப்படி உருவாகிறது என்று பார்க்கப் போயிருந்தேன்.

அன்று பேச வந்தவர்கள் மீன் விற்கும் பெண்கள் இருவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலம் நடந்துகொண்டிருந்தது. மூத்தவர் மைக்கைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்து, மேடையில் பேசுவதுபோல் ஆரம்பித்தார். தொகுத்து வழங்கும் பெண் இடைமறித்தார்.

“அக்கா, மைக்கப் பாக்காதீங்க. என்னப் பாத்து, வீட்ல பேசுற மாதிரி பேசுங்க. இன்னிக்கு ஏலம் எப்பிடி?”

“எங்க ஏலம்! நாட்டுப்படகு மீனு நாலு கூடை வந்துச்சு. எங்களுக்குக் கட்டுபடியாகுற வெலையா அது? ஐஸ் மீன எடுத்துட்டுப் போனா, செவுளத் தூக்கிப் பாத்துட்டு வச்சிட்டுப் போயிர்றாங்க பாப்பா.”

அதன்பிறகு அவரை நிறுத்த வேண்டியிருக்கவில்லை. கைவீசிப் பேசும்போது கண்ணாடி வளையல் மேசையில் இடித்தது. ஒலிப்பதிவு செய்யும் இளைஞர் சத்தமில்லாமல் எழுந்து வந்து மேசைமேல் ஒரு துண்டை விரித்துவிட்டுப் போனார். கேள்விகளைத் தாளில் எழுதினால் சரசரக்கும் என்று கெட்டி அட்டையில் எழுதி வைத்திருந்தார்கள். தொகுத்து வழங்கும் பெண் “ம்” கொட்டவே இல்லை. தலையை மட்டும் ஆட்டினார். பேசுகிறவர் குரலின்மேல் விழுந்த “ம்” ஒன்றைப் பிறகு பிரித்தெடுக்க முடியாதாம். நேரில் பேசும்போது மரியாதைக்கு நாம் செய்வதை இங்கே அடக்கிக்கொள்ள வேண்டும். அது எளிதல்ல, ஐந்து நிமிடம் முயன்று பாருங்கள், தெரியும்.

பேச்சு மீன் விலையிலிருந்து பேருந்துக்கு வந்தது. கூடையைப் பார்த்தாலே பேருந்து நிற்காமல் போவது, ஏறினாலும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து போவது. இளையவர் அதைச் சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார். அடுத்த கேள்வி வரவில்லை. யாரும் பேசவில்லை. பிறகு அவரே, “நானும் காசு குடுத்துத்தானே டிக்கெட்டு வாங்குறேன்” என்றார். தொகுப்பாளர் அவசரப்பட்டு ஆறுதல் சொல்லியிருந்தால் அந்த வாக்கியம் வந்திருக்காது.

எடிட்டிங்கின்போது பக்கத்தில் உட்கார அனுமதித்தார்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள்தான். திரையில் குரல் அலையாக ஓடுகிறது. இருமல் போகிறது, திரும்பச் சொன்னது போகிறது. ஆனால் மூச்சு வாங்கும் ஒலியை வைத்துக்கொள்கிறார்கள். அதை வெட்டினால் பேசுகிறவர் உயிரில்லாதவராகிவிடுவார். யாரும் பேசாத அறையின் ஒலியைத் தனியாகக் கொஞ்சம் பதிவு செய்து வைத்திருந்தார் அந்த இளைஞர். வெட்டிய இடங்களில் அதைப் போட்டு ஒட்டினார். ஒட்டியது காதுக்குத் தெரியவில்லை. இத்தனை நுட்பம் தெரிந்த இவர்களுக்கு மாதம் கிடைப்பது சொற்ப ஊதியம். அதைச் சொல்லாமல் இந்தக் கலையைப் பாராட்டுவது நியாயமில்லை.

ஓரிடத்தில் மட்டும் அந்த இளைஞரின் கை நின்றது. முந்தின நாள் பேருந்து ஒன்று நிற்காமல் போனதை, தடம் எண்ணோடு சொல்லியிருந்தார் மூத்தவர். ஓட்டிக் கேட்டார்கள், மறுபடி ஓட்டினார்கள். வெட்டிவிட்டார்கள்.

காரணம், சமுதாய வானொலிக்கான விதி. வானலை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. 2002இல் கல்வி நிறுவனங்களுக்குச் சமுதாய வானொலி அனுமதி கிடைத்தது. 2004இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் எஃப்.எம். ஒலித்தது. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. பாம்பனில் மீனவர்களுக்கென்றே 2016இல் ‘கடல் ஓசை’ வந்தது அப்படித்தான். ஆனால் செய்தியும் நடப்பு நிகழ்வுகளும் பேசக் கூடாது என்ற தடை மட்டும் தொடர்கிறது. அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே அஞ்சல் செய்யலாம். வானிலை, திருவிழா, தேர்வு முடிவு, குடிநீர் அறிவிப்பு சொல்லலாம். ஒலிபரப்பியதை மூன்று மாதம் பாதுகாத்து வைக்க வேண்டும். இந்த நிலையில், எது ஊர்ப் பேச்சு, எது செய்தி என்று தீர்மானிக்கும் பாரம் கத்தரியைப் பிடித்திருப்பவர்மேல் விழுகிறது. சந்தேகம் வந்தால் வெட்டுகிறார். உரிமம் போய்விட்டால் நிலையமே போய்விடும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தொலைக்காட்சியில் இரவெல்லாம் நாட்டு நடப்பைப் பற்றிச் சத்தம் போடலாம். யூடியூபில் யாரும் எதையும் பேசலாம். 100 வாட் ஆற்றலில் நாலைந்து ஊருக்குக் கேட்கும் வானொலியில், தன் ஊர்ப் பேருந்து நேற்று நிற்காமல் போனதை ஒரு பெண் தன் வாயால் சொல்ல முடியாது. இந்தத் தடையை ஒன்றிய அரசு விலக்க வேண்டும். அதுவரை, உங்கள் பகுதியில் சமுதாய வானொலி இருந்தால் ஒரு நாள் அந்த அலைவரிசைக்குத் திருப்பிக் கேளுங்கள். கேட்டதும் நிலையத்துக்குப் போன் செய்து ஒரு வார்த்தை சொல்லுங்கள்.