வண்டியே வீடாக

யாத்திரை என்னும் சொல்லைக் கேட்டமாத்திரத்தே நம்மவர் உள்ளத்தில் எழுவது சேரவேண்டிய ஊரேயன்றி வழியன்று. இரவிற் புகைவண்டியேறிக் கண்ணயர்ந்து, விடிந்ததும் இறங்குவதே பயணமென்று கொண்டுவிட்டோம். பழந்தமிழர் கொள்கை இதுவன்று. பாணரும் விறலியரும் சுற்றத்தோடு முல்லையும் மருதமும் நெய்தலும் கடந்து, தங்கிய இடத்து உண்டு, கண்டன வியந்து சென்ற செலவினை ஆற்றுப்படை நூல்களைப் பயின்றோர் நன்கறிவர். அவர்க்கு வழியே வாழ்வாயிருந்தது.

மேனாட்டார் இவ்வின்பத்தைக் கண்டது வண்டி வீட்டினால். 1885ஆம் ஆண்டில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் ஓய்வுபெற்ற கடற்படை மருத்துவர், 'வாண்டரர்' எனப் பெயரிய வண்டியொன்றைப் பிரிஸ்டல் நகரிற் செய்வித்து, இரு குதிரைகளைப் பூட்டி, தென் இங்கிலாந்திலிருந்து ஸ்காத்லாந்தின் இன்வர்னஸ் நகர்வரை உலாச் சென்றார். அவ்வழியில் விருப்பங்கொண்டோர் 1907இல் தமக்கென ஒரு சங்கமும் கண்டனர். இன்று அந்நாட்டு முதிய தம்பதிகள் பலர் கேரவன் வண்டியைக் காரின் பின்னே பூட்டிக்கொண்டு கடற்கரையும் நாட்டுப்புறமும் கண்டு திரிவர். நம் நாட்டிலோ கேரவன் என்றால், படப்பிடிப்பின்போது நடிகர் இளைப்பாறும் வண்டி என்பதே பலர் அறிந்த பொருள்.

எம் பாட்டனார் உயர்நிலைப்பள்ளித் தலைமையாசிரியராயிருந்து ஓய்வுபெற்றவர். சென்ற வேனில் விடுமுறையில் ஸ்டேபிள்ஸின் கதையைப் படித்துவிட்டு, நண்பரொருவரின் வேனை இரவல் வாங்கினார். பின்னிருக்கைகளைக் கழற்றிப் பலகைக் கட்டில் அமைத்து, நீர்க்குடமும் சிறிய வாயு அடுப்பும் ஏற்றிய பின்னரே பாட்டியாரிடம் செய்தியைச் சொன்னார். கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்ட பாட்டியார், "அந்த மருத்துவருக்குச் சோறு ஆக்கியது யார்?" என்று வினவினார்.

"அவர் ஒரு பணியாளை உடன் கொண்டு சென்றார்."

"நம் வண்டியில் பணியாள் யார்?"

பாட்டனார்க்கு உடனே மறுமொழி வாய்க்கவில்லை. மணமாகி நாற்பத்திரண்டு ஆண்டுகளில் அவர்கள் விடுமுறைக்குச் செல்லாமல் இல்லை. சென்ற இடமெல்லாம் உறவினர் வீடு. சென்ற வீட்டிலெல்லாம் பாட்டியார் இருந்தது அடுக்களையில். "விடுமுறை என்றால் அடுப்பு மாறும், அவ்வளவுதான்" என்பது அவர் வழக்கமாகச் சொல்லும் சொல். இரண்டு நாள் கழித்துப் பாட்டனார், "ஐந்து நாளும் அடுப்பு என் பொறுப்பு" என்றார். வண்டியோட்டுதல் எம் பொறுப்பாயிற்று.

நாகர்கோவிலினின்று புறப்பட்டு முதல் இரவு உவரிக் கரையில் தங்கினோம். பாட்டனார் ஆக்கிய உப்புமா அடிப்பிடித்தது. பாட்டியார் அதனைக் குறைகூறாது உண்டார். ஆயினும் அவர் கைகள் அமைதியாயிருக்கவில்லை. முந்தானையை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தன. மறுநாள் வைகறையில் யாம் விழித்தபோது, அவர் முன்னமே எழுந்து வண்டிப் படியில் அமர்ந்து, நாட்டுப்படகுகள் கரையேறுவதைப் பார்த்திருந்தார். "இந்த நேரத்தில் வெளிச்சம் எப்படியிருக்கும் என்று நான் பார்த்ததே இல்லை" என்றார்.

இரண்டாம் நாள் இடையன்குடி. 1841இல் சென்னையினின்று இவ்வூர்க்குக் கால்நடையாகவே பயணம் செய்தார் கால்டுவெல் ஐயர். வழிநெடுக மக்களோடு பழகிய அந்நடை, பின்னர் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் தந்தவர்க்கு ஏற்ற தொடக்கமேயன்றோ? யாம் இலக்கண ஆசிரியரையே நினைத்து நிற்க, பாட்டியாரோ அவர்தம் துணைவியார் எலிசா அம்மையாரைக் குறித்தே மேலும் மேலும் கேட்டார். அவ்வம்மையார் நாகர்கோவிலில் தொண்டாற்றிய மால்ட் ஐயரின் மகளார். இடையன்குடியிற் பெண்களுக்குக் கல்வியும் லேஸ் பின்னலும் கற்பித்தவர். "ஊருக்கு இவர் வந்தது ஒரு பயணம், அந்த அம்மாள் வந்தது இன்னொரு பயணம்" என்றார் பாட்டியார்.

அதன்பின் செம்மணல் தேரிகளைக் கடந்தோம். குன்றுபோற் குவிந்த அம்மணலின் செம்மை மாலை வெயிலிற் கண்ணைப் பறித்தது. பனங்காட்டிடையே ஓர் ஓலைக்குடிசையிற் பதநீர் காய்ச்சிக்கொண்டிருந்தாள் ஒரு பெண். மரமேறிய கணவன் இறக்கிய பதநீரைப் பாகாகும்வரை கிண்டிச் சிரட்டையில் ஊற்றுவது அவள் வேலை. பாட்டியார் வெக்கை பாராது அவளருகே நெடுநேரம் அமர்ந்து பேசினார். அன்றிரவு பாட்டனார் கறிக்குழம்பு வைக்க முயன்றபோது, "தீயைக் குறைத்தால் போதும்" என்றொரு சொல் மட்டும் உதவினார், அகப்பையைத் தொடவில்லை.

மணப்பாட்டில் மணற்குன்றின்மேல் நிற்கும் திருச்சிலுவைக் கோயிலையும், அதனைச் சூழ்ந்த கடலையும் கண்டு, திருச்செந்தூர் வழியாகக் கொற்கையை அடைந்தோம். முத்துக்குப் பேர்போன பாண்டியர் துறைமுகம் அது. சங்கப் புலவர் பலர் வாயில் இடம்பெற்றது. தமிழ் பயிலும் எமக்கு அவ்வூர்ப் பெயரைக் கேட்டாலே மெய்சிலிர்க்கும். ஆனால் அங்கே அலையில்லை, துறையில்லை. வயலும் வாழையும் குளமுமே உள. பொருநையாறு நூற்றாண்டுதோறும் கொணர்ந்து குவித்த வண்டல் கடலைக் கிழக்கே தள்ளிவிட்டது என்று யாம் விளக்கினோம்.

பாட்டியார் சிறிதுபொழுது சுற்றிலும் பார்த்தார். "ஊர் இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறது, கடல்தான் போய்விட்டது" என்றார்.

ஏழு ஊர்களுக்கு மாற்றலாகிச் சென்ற கணவர்க்கும், படித்து வெளிநாடேகிய மக்கட்கும் அடுப்பினருகே நின்று விடைகொடுத்தவர் அவர் என்பது அப்பொழுது எமக்கு நினைவு வந்தது. பாட்டனார்க்கும் வந்திருத்தல் வேண்டும். அவர் ஒன்றும் பேசாது, வண்டியிலிருந்து பாயை எடுத்து வாழை நிழலில் விரித்து, இருவர்க்கும் தேநீர் ஆற்றிக் கொணர்ந்தார். இருவரும் அன்று வெயில் சாயும்வரை அங்கேயே இருந்தனர். தூத்துக்குடியை இருட்டுமுன் அடையவேண்டும் என்ற எம் கணக்கை யாரும் கேட்கவில்லை.

மாணவத் தோழர்காள்! கேரவன் வண்டி விலையுயர்ந்தது. அஃது எல்லார்க்கும் வாய்ப்பதன்று. ஆனால் அதன் இன்பம் வண்டியில் இல்லை. விரைவு இன்மையாலும், நினைத்த இடத்தில் நிற்கும் உரிமையாலும் வருவது அவ்வின்பம். அவ்வுரிமை வண்டியிலுள்ளார் அனைவர்க்கும் கிட்டினாலன்றி, அஃது ஒருவர்க்கு உலாவும் மற்றொருவர்க்கு ஊழியமுமேயாகும். அடுத்த விடுமுறைக்கு நீவிர் வீடுசெல்லும்போது, எங்கே போகலாம் என்று கேட்குமுன், அடுப்பு யார் பொறுப்பு என்று கேளுங்கள். விடை கிடைத்தபின், அண்மையிலுள்ள ஆற்றங்கரையே போதுமானதாயிருக்கும்.